திரைச் சலீமும் சரித்திரச் சலீமும்

ஆக்ராக் கோட்டையைக் காணச் சென்றவர்கள், யமுனையை நோக்கிய மேல்தளம் ஒன்றிலே கரிய கல்லால் ஆன அகன்ற அரியணை ஒன்றைப் பார்த்திருப்பார்கள். ஒரே கல்லை இழைத்துச் செய்த மேடை அது. அதன் விளிம்பைச் சுற்றிப் பாரசீக எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை குறிக்கும் ஹிஜ்ரி ஆண்டு 1011. நம் கணக்கில் 1602ஐ ஒட்டியது. அந்த ஆண்டில் இந்துஸ்தானத்துச் சக்கரவர்த்தியாக வீற்றிருந்தவர் அக்பர். ஆனால் இந்த அரியணை அக்பருக்காகச் செய்யப்பட்டதன்று. அவருடைய மூத்த மகன் சலீம், தந்தை உயிரோடிருந்து ஆண்டுகொண்டிருந்த காலத்திலேயே, அலகாபாத்தில் தமக்கென்று செய்வித்துக்கொண்டது. பின்னர் ஜஹாங்கீர் என்ற பட்டப்பெயருடன் அரசரானபின், சலீம் அதை ஆக்ராவுக்குக் கொண்டுவரச் செய்தார். தந்தையின் தலைநகரிலே, மகனுடைய கலகத்தின் சின்னம் இன்றும் வெயிலில் கிடக்கிறது.

மாணவ நண்பர்களே! இந்தச் சலீமை நீங்கள் அறிவீர்கள். பாடநூல் வழியாக அறிந்தவர் உங்களுள் சிலர். படக்காட்சி வழியாக அறிந்தவர் பலர். 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ‘மொகலே ஆஜம்’ என்ற இந்திப் படம் வெளிவந்தது. கே. ஆசிப் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய படம். அதில் பிருதிவிராஜ் கபூர் அக்பராகவும், திலீப்குமார் சலீமாகவும், மதுபாலா அனார்கலியாகவும் நடித்தனர். அது ‘அக்பர்’ என்ற பெயரில் தமிழ் பேசி, 1961இல் நம் நாட்டுக் கொட்டகைகளுக்கும் வந்தது. 2004இல் படம் முழுவதற்கும் வண்ணம் ஊட்டி மீண்டும் வெளியிட்டார்கள். ஆகவே பேரன் பேத்திகளும் அதைப் பெரிய திரையிலே காண முடிந்தது. அதற்கு முன்பே 1953இல் இந்தியிலும், 1955இல் தெலுங்கிலும் ‘அனார்கலி’ என்ற பெயரிலேயே படங்கள் வந்திருந்தன. தெலுங்குப் படத்திலே நாகேசுவரராவும் அஞ்சலிதேவியும் நடித்தார்கள். ரங்காராவ் அக்பராக வந்தார். இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக நின்றது, இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் உருது மொழியில் எழுதிய ‘அனார்கலி’ என்னும் நாடகம்.

ஓர் அரசகுடும்பத்தின் உட்பகையை, தந்தைக்கும் மகனுக்கும் நடந்த அதிகாரப் போட்டியை, திரைப்படம் எவ்வாறு காட்டுகிறது என்பதை ஆராய்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஏனெனில், இந்தக் கலகம் உண்மையாகவே நடந்தது. நடந்தவற்றைக் கலகம் செய்தவரே தம் கைப்பட எழுதியும் வைத்திருக்கிறார். ஆகையால் திரையையும் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

திரைக்கதையை முதலில் பார்ப்போம். மகப்பேறின்றி வாடிய அக்பர், பாலைமணலில் வெறுங்காலோடு நடந்து ஒரு மகானை வேண்டுகிறார். மகன் பிறக்கிறான். நற்செய்தி கொண்டுவந்த பணிப்பெண்ணுக்கு மன்னர் தம் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, வேண்டும்போது ஒரு வரம் கேட்கலாம் என்று வாக்களிக்கிறார். செல்லத்தால் கெட்டுப்போகும் பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்புகிறார். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பும் சலீம், அரண்மனை ஆடற்பெண் ஒருத்தியைக் காதலிக்கிறார். அவளே அனார்கலி. பணிப்பெண்ணின் மகள் அரியணைக்கு அரசியாவதா என்று தந்தை மறுக்கிறார், அவளைச் சிறையிலிடுகிறார். மகன் படை திரட்டுகிறார். பெரும்போர் நடக்கிறது. சலீம் தோற்றுப் பிடிபட்டு, பீரங்கியின் வாய்முன் நிறுத்தப்படுகிறார். அனார்கலி தன்னை ஒப்புக்கொடுத்து அவரைக் காக்கிறாள். அவளை உயிரோடு சுவரெழுப்பி மூடத் தீர்ப்பாகிறது. பழைய வாக்கை அவளுடைய தாய் நினைவூட்ட, அக்பர் மகனறியாமல் அவளைச் சுரங்க வழியே வெளியேற்றுகிறார். கண்ணாடி மாளிகையில் அவள் ஆடிப்பாடும் காட்சியை நான் வருணிக்கப் போவதில்லை. கண்டவர்களுக்கு வேண்டியதில்லை, காணாதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை.

இனி ஏட்டைப் புரட்டுவோம். சலீம் பிறந்தது 1569ஆம் ஆண்டு ஆகஸ்டில், பதேபூர் சிக்ரியில். ஷேக் சலீம் சிஷ்தி என்ற பெரியாரின் அருளால் பிறந்ததாகக் கருதியே அவருடைய பெயரை வைத்தார்கள். அடுத்த ஆண்டில், பேறு கிட்டிய நன்றிக்காக, அக்பர் ஆக்ராவிலிருந்து அஜ்மீருக்குக் கால்நடையாகச் சென்றதும் உண்மை. இங்கே படம் வரலாற்றை ஒட்டியே நடக்கிறது. மகன் செல்லமாக வளர்ந்ததும் பொய்யன்று. எட்டு வயதிலேயே, 1577இல், அவருக்குப் பதினாயிரம் என்ற உயர்ந்த மன்சப் அளிக்கப்பட்டது. மன்சப் என்றால் அரசாங்கத்தில் ஒருவருடைய படியைக் குறிக்கும் எண். அந்த எண்ணுக்கேற்பச் சம்பளமும், அதற்கு ஈடான ஜாகீர் நிலவருவாயும், வைத்துக் காக்க வேண்டிய குதிரைப்படையும் அமையும்.

இந்த இடத்திலேதான் திரைப்படம் காட்டாத ஒன்று தொடங்குகிறது. 1600ஆம் ஆண்டில் சலீமுக்கு வயது முப்பத்தொன்றை எட்டிக்கொண்டிருந்தது. அவருடைய தந்தையோ பதின்மூன்று வயதில் பட்டமெய்தி, நாற்பத்து நான்கு ஆண்டுகளாக ஆண்டு, இன்னும் தளராமல் தக்காணத்துப் போருக்குத் தாமே புறப்பட்டவர். மூத்தவனுக்கே முடி என்ற விதி மொகலாயரிடம் இல்லை. தைமூரின் வழிவந்த குடும்பத்தில் ஆண்மக்கள் அனைவருக்கும் அரசில் உரிமை உண்டு. எவன் வெல்கிறானோ அவனே அரசன். அக்பரின் தந்தை ஹுமாயூன், தம்பி காம்ரானுடைய கண்களை 1553இல் குருடாக்கிய பிறகே நிம்மதி கண்டார். சலீமுக்கும் முராத், தானியால் என்று தம்பியர் இருவர் இருந்தார்கள். முராத் 1599இல் தக்காணத்திலே மாண்டார். தானியால் மீது தந்தைக்குப் பரிவு மிகுதி என்ற எண்ணம் இருந்தது. போதாததற்குச் சலீமின் மகன் குஸ்ருவே வளர்ந்து வந்தான். தாத்தாவின் அன்புக்கு உரியவன். மகனை விட்டுப் பேரனுக்கு முடி போய்விடுமோ என்ற அச்சம், காத்திருந்து காத்திருந்து அலுத்த இளவரசரின் உள்ளத்தை எவ்வளவு அரித்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

அக்பர் அசீர்கட் கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்த சமயம் அது. மேவார் நாட்டு இராணாவை அடக்கும்படி அனுப்பப்பட்ட சலீம், அஜ்மீரிலே காலம் கடத்தினார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு ஆக்ராவின் பக்கம் திரும்பினார். ஆக்ராவிலேதான் கஜானா இருந்தது. பேரனின் போக்கை அறிந்து கவலைகொண்ட பாட்டி ஹமீதா பானு பேகம், அவரைக் கண்டு அறிவுரை கூறக் கோட்டையிலிருந்து புறப்பட்டார். பாட்டி வருகிறார் என்று கேட்ட சலீம் என்ன செய்தார் தெரியுமா? படகேறி ஆற்றின் வழியே அலகாபாத்துக்கு விரைந்துவிட்டார்! தந்தையோடு போர்புரியத் துணிந்தவருக்குப் பாட்டியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. இந்தக் காட்சியை எந்தப் படமும் எடுத்ததாக நான் அறியேன். எடுத்திருந்தால், எத்தனை பீரங்கி முழங்கினாலும் கிடைக்காத உண்மை அதில் கிடைத்திருக்கும்.

அலகாபாத்தை அடைந்ததும் பீகார் மாகாணத்து வருவாயைக் கைப்பற்றினார். முப்பது இலட்சம் ரூபாய் என்று சொல்கிறார்கள். தம் ஆட்களுக்குப் பட்டங்களும் ஜாகீர்களும் வழங்கினார். ஓவியர்களை அமர்த்தித் தனியே ஓவியச்சாலை நடத்தினார். கல்லில் அரியணை செய்தார். ஷா சலீம் என்று பெயர் சூட்டிக்கொண்டார். ஒரு சமயம் முப்பதாயிரம் குதிரைவீரரோடு ஆக்ராவை நோக்கிப் புறப்பட்டு, எட்டாவா வரையில் வந்தும்விட்டார். ஆணை கடுமையாக வரவே திரும்பிப் போனார். தந்தையின் படையும் மகனின் படையும் களத்திலே கைகலக்கவேயில்லை. திரையிலே யானையும் குதிரையும் ஒட்டகமும் புழுதி கிளப்பும் அந்தப் பெரும்போர் நடக்கவே இல்லை.

அப்படியானால் அந்தக் கலகத்தில் இரத்தம் சிந்தவில்லையா? சிந்தியது. 1602ஆம் ஆண்டு ஆகஸ்டில், அக்பரின் உயிர்த்தோழரும் அமைச்சரும், ‘அக்பர் நாமா’வும் ‘அயினி அக்பரி’யும் எழுதிய பேரறிஞருமான அபுல் பஸல், மன்னரின் அழைப்பை ஏற்றுத் தக்காணத்திலிருந்து சிறு துணையோடு திரும்பிக்கொண்டிருந்தார். குவாலியருக்குத் தெற்கே, ஓர்ச்சாவைச் சேர்ந்த பீர்சிங் தேவ் பந்தேலா அவரை வழிமறித்துக் கொன்றார். தலை அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஏவியவர் சலீம். இதை நாம் ஊகித்து அறிய வேண்டியதில்லை. ஜஹாங்கீரே தம் வாழ்க்கைக் குறிப்பின் தொடக்கப் பகுதியில், அபுல் பஸல் அரண்மனைக்கு வந்து சேர்ந்தால் தந்தைக்கும் தமக்கும் இடையிலுள்ள விரிசல் பெரிதாகும் என்று எண்ணி அவ்வாறு செய்வித்ததாக ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். கொன்றவருக்குப் பிற்காலத்தில் ஓர்ச்சாவின் அரசுரிமையும் உயர்ந்த மன்சபும் கிடைத்தன.

தைமூரின் வழியினரிடையே ஒரு மரபு இருந்தது. அரசகுமாரன் ஒருவன் இறந்தால் அச்செய்தியை மன்னரிடம் வாயால் சொல்வதில்லை. இறந்தவனுடைய முகவர், மணிக்கட்டில் நீலநிறக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அரசர் முன் வந்து நிற்பார், மன்னர் புரிந்துகொள்வார். அபுல் பஸல் அரசகுமாரர் அல்லர். ஆயினும் அவருடைய மரணத்தை அக்பரிடம் சொல்ல எவருக்கும் நா எழாமையால், அவருடைய முகவர் நீலக் கைக்குட்டையோடு வந்து நின்றார் என்று குறிப்பு இருக்கிறது. திரைக்கு ஏற்ற காட்சி இதைவிட வேறு வேண்டுமா? வசனம் ஒரு வரி வேண்டாம், வாத்தியம் வேண்டாம். இருந்தும் ‘மொகலே ஆஜ’த்திலே அபுல் பஸலின் கொலைக்கு இடமில்லை. இடம் தந்திருக்கவும் முடியாது. அந்தக் கொலையைக் காட்டினால் சலீம் காதலனாக நம் நெஞ்சில் நிற்பாரா? கொட்டகையில் கண்ணீர் விடுகிறவர்கள் யாருக்காக விடுவார்கள்?

நான் வரலாறு கற்பித்த காலத்தில், சலீம் கலகம் செய்தமைக்குக் காரணம் யாது என்ற வினாவுக்கு ‘அனார்கலி’ என்று ஒரே சொல்லில் விடை எழுதிய மாணவன் ஒருவன் இருந்தான். மதிப்பெண் கொடுக்க இயலவில்லை. கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. என் வகுப்பு நாற்பத்தைந்து நிமிடம். அவன் பார்த்த படமோ மூன்று மணி நேரத்துக்கு மேல். அதில் நௌஷாத்தின் இசையும் உண்டு.

அந்த அனார்கலி யார்? அக்பர் காலத்து வரலாற்று ஆசிரியர்கள் அவளைக் குறிப்பிடவில்லை. ஜஹாங்கீரின் குறிப்புகளிலும் அவள் பெயர் இல்லை. வில்லியம் பிஞ்ச் என்ற ஆங்கில வணிகர் 1611இல் லாகூருக்கு வந்தபோது, மாதுளை என்று பொருள்படும் பெயருடைய ஒருத்தியின் கல்லறை எழுவதைக் கண்டு, அவளைப் பற்றி ஊரிலே கேட்ட கதையை எழுதிவைத்தார். அவர் கேட்ட கதையில் அவள் அக்பரின் மனைவியருள் ஒருத்தி. கல்லறை இன்றும் லாகூரில் இருக்கிறது. பிற்காலத்தில் அதை அரசாங்கப் பழைய ஆவணங்கள் வைக்கும் இடமாக்கினார்கள். கல்லிலே 1599, 1615 ஆகிய ஆண்டுகளைத் தரும் எழுத்துக்களும், ஒரு காதல் ஈரடியும், தன்னை மஜ்னூன் என்று சொல்லிக்கொள்ளும் சலீமின் பெயரும் இருக்கின்றன. ஆகவே யாரோ ஒருத்தியின் மீது சலீம் பேரன்பு வைத்திருந்தார் என்று கொள்ளத் தடையில்லை. அவளுக்காகவே வாளெடுத்தார் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

காதலைக் காரணமாக்குவதால் என்ன கேடு, கதைதானே என்று கேட்கலாம். கேடு பெண்ணைப் பற்றியதன்று, அரசாட்சியைப் பற்றியது. திரையிலே தந்தையும் மகனும் நேருக்கு நேர் நின்று பேசுகிறார்கள். இருவர் மனமும் இளகினால் நாடு பிழைத்துவிடும் என்று தோன்றுகிறது. உண்மையில் அவர்கள் இருவரையும் சுற்றி ஒரு பெருங்கூட்டம் நின்றது. ஜாகீர் மாறுமோ என்று அஞ்சியவர்கள், புது அரசர் வந்தால் படி உயரும் என்று எதிர்பார்த்தவர்கள், எந்தப் பக்கம் சாய்வது என்று நாள் எண்ணியவர்கள். குஸ்ருவின் பக்கம் நின்ற இராஜா மான்சிங் அவனுடைய தாய்மாமன்; அஜீஸ் கோகா மாமனார். மனம் இளகினாலும் இந்தக் கூட்டம் இளகாது. வாரிசு விதியில்லாத முடியாட்சியில் ஒவ்வொரு மகனும் மற்றவனுக்குக் கொலைகாரனாகவோ, கொலையுண்பவனாகவோ ஆகும்படி அமைப்பே தள்ளிவிடுகிறது. அதைக் காட்டாமல் இரு நெஞ்சங்களின் மோதலாக மட்டும் காட்டும்போது, நல்ல அரசன் வாய்த்தால் போதும், முடியாட்சி இனியது என்ற மயக்கம் பார்ப்பவர் உள்ளத்தில் தங்கிவிடுகிறது.

ஆயினும் ஆசிப்பின் படத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. அதை 1600ஆம் ஆண்டின் சான்றாகக் கொள்ளாமல் 1960ஆம் ஆண்டின் சான்றாகக் கொண்டால் அது மிகுந்த பொருளுடையது. குடியரசாகிப் பத்தாண்டு ஆன நாடு. பிரிவினையின் புண் ஆறாத நாடு. படத்தின் தொடக்கத்திலே இந்துஸ்தானமே குரலெடுத்துப் பேசுகிறது. கண்ணன் பிறந்தநாளை அரண்மனை கொண்டாடுகிறது. அக்பர் தொட்டிலை ஆட்டுகிறார். பல சமயத்தாரையும் அழைத்து உரையாட வைத்த அக்பரின் இயல்புக்கு இது முரணன்று. மகனென்றும் பாராமல் நீதியைத் தாங்கத் துடிக்கும் அந்தத் தந்தை, தாங்கள் புதிதாக அமைத்துக்கொண்ட அரசு எப்படி இருக்க வேண்டும் என்று அன்றைய மக்கள் கண்ட கனவு. பிருதிவிராஜின் நடையிலும் குரலிலும் அந்தக் கனவே கம்பீரமாக எழுந்து நிற்கிறது.

உண்மையைக் காட்டவே திரைக்கு இயலாது என்றும் நான் சொல்லேன். 2008இல் வந்த ‘ஜோதா அக்பர்’ படத்தில் ஆதம்கான் தண்டிக்கப்படும் காட்சி உண்டு. அமைச்சர் அத்காகானைக் குத்திக்கொன்ற ஆதம்கானை, தம் செவிலித்தாயின் மகன் என்றும் பாராமல், மாடியிலிருந்து தலைகீழாகத் தள்ளச் செய்கிறார் அக்பர். உயிர் போகவில்லை என்று கண்டு, மீண்டும் தூக்கிவந்து தள்ளச் சொல்கிறார். இது 1562இல் நடந்தது நடந்தபடியே. ‘அக்பர் நாமா’வுக்கு மிஸ்கீனா தீட்டிய ஓவியத்திலும் இதைக் காணலாம், அது இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கிறது. அந்தக் காட்சியிலே கொட்டகை ஒரு கணம் மூச்சடங்கிப்போகும். அதிகாரம் என்றால் என்ன என்று அப்போது புரிகிறது. ஆனால் அதே படம் கதாநாயகிக்கு இட்ட பெயர் ஐயத்துக்குரியது. ஜஹாங்கீரைப் பெற்ற ஆம்பேர் இளவரசிக்கு மரியம் உஸ் ஸமானி என்பது பட்டம். ஜோத் பாய் என்ற பெயர் ஜஹாங்கீரின் மனைவியான ஜோத்பூர் இளவரசிக்கே பொருந்தும் என்பர் ஆராய்ச்சியாளர்.

கலகம் எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். அக்பரின் மனைவியருள் ஒருவரான சலீமா சுல்தான் பேகம் அலகாபாத்துக்குச் சென்று சலீமின் மனத்தைத் திருப்ப முயன்றார். 1604இல் அக்பரே அலகாபாத்தை நோக்கிப் புறப்பட்டார். தாய் ஹமீதா பானு நோயுற்றதால் திரும்பினார். அந்த அம்மையார் காலமானார். துக்கத்தில் பங்குகொள்ளும் முறையில் நவம்பரில் சலீம் ஆக்ராவுக்கு வந்தார். தந்தை சபையிலே அன்போடு தழுவிக்கொண்டு, உள்ளே அழைத்துச்சென்றதும் கன்னத்தில் அறைந்தார் என்றும், மதுவும் அபினியும் கிட்டாதபடி சில நாள் காவலில் வைத்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அறுபது வயதைக் கடந்த தந்தை. முப்பத்தைந்து வயது மகன். 1605இல் தானியாலும் குடியினால் மாண்டார். அந்த அக்டோபரில் அக்பர் கண்மூடினார். வேறு மகன் இல்லை.

ஜஹாங்கீர் பட்டமேறி ஆறு மாதம் ஆவதற்குள், 1606 ஏப்ரலில், குஸ்ரு தந்தைக்கு எதிராகக் கிளம்பினான். லாகூரை முற்றுகையிட்டுத் தோற்று, செனாப் ஆற்றைக் கடக்கும்போது பிடிபட்டான். அவனைச் சேர்ந்தவர்களை லாகூருக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கழுவேற்றி, நடுவே அவனை யானைமேல் அமர்த்தி நடத்திச் சென்றார்கள். சீக்கிய குரு அர்ஜுன் தேவ் உயிர் நீத்ததும் இந்தத் தொடர்பிலேதான். அடுத்த ஆண்டில் குஸ்ருவின் பார்வை பறிக்கப்பட்டது. 1622இல் தம்பி குர்ரமின் காவலில் பர்ஹான்பூரில் இறந்தான். அதே ஆண்டில் அந்தக் குர்ரம் ஜஹாங்கீருக்கு எதிராகக் கொடி உயர்த்தினான். அவனே பிற்பாடு ஷாஜஹான். 1658இல் தன் மகன் ஔரங்கசீப்பால் ஆக்ராக் கோட்டையில் அடைக்கப்பட்டு, எட்டாண்டுகள் அங்கேயே கிடந்து 1666இல் மறைந்தவன்.

அலகாபாத்துக்கு 2018இல் பிரயாக்ராஜ் என்று பெயர் மாறியது. அங்கே இரயில் நிலையத்துக்கு அருகில் குஸ்ரு பாக் என்ற தோட்டம் இருக்கிறது. கொய்யா மரங்களுக்கிடையே கல்லறை மாளிகைகள். ஒன்று குஸ்ருவுக்கு, ஒன்று அவனுடைய சகோதரிக்கு, மற்றொன்று அவர்களுடைய தாய், மான்சிங்கின் சகோதரி ஷா பேகத்துக்கு. கணவர் தம் தந்தைக்கு எதிராக அலகாபாத்தில் கொலுவிருந்த காலத்திலே, மகன் கணவரைப் பகைப்பதைக் கண்டு பொறுக்கமாட்டாமல், அந்த அம்மையார் அபினி உண்டு உயிர்விட்டார். அவளை இழந்தபின் நான்கு நாள் உணவும் நீரும் தமக்கு இறங்கவில்லை என்று ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார்.